பன்னிரண்டு ஆண்டுக் கணக்கும் இரண்டு தென்னை மரங்களும்

அலங்காநல்லூர் வட்டாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம்:

“எங்கள் அப்பா 1987-இல் 16½ சென்ட் தோட்டம் கிரயம் வாங்கினார். மேற்கே உள்ள தோட்டத்துக்காரரை, உறவில்லாவிட்டாலும், மாமா என்றுதான் கூப்பிடுவோம். நடுவில் கிளுவை வேலி இருந்தது. 2009-இல் மாமா அதை வெட்டிவிட்டுக் கல்தூண் ஊன்றி முள்கம்பி கட்டினார். புது வேலி எங்கள் பக்கம் தள்ளி வந்துவிட்டது. கிளுவை வேர் தடுக்கிறது, கொஞ்சம் தள்ளி ஊன்றிக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டுத்தான் ஊன்றினார் என்று அம்மா சொல்கிறார். அப்பா 2018-இல் காலமாகிவிட்டார். சென்ற மாசியில் சுற்றுச்சுவர் கட்டுவதற்காகச் சர்வேயரை வைத்து அளந்தபோது, 110 அடி நீளத்துக்கு 4 அடி அகலம் எங்கள் இடம் வேலிக்கு அப்பால் கிடப்பது தெரிந்தது. அளக்கும்போது மாமாவின் மகன் ‘இது எங்கள் பத்திரத்தில் உள்ள இடம்’ என்றார். வைகாசியில் வந்த அவருடைய வக்கீல் நோட்டீஸ், பன்னிரண்டு வருடம் தாண்டிவிட்டதால் இடம் அவர்களுக்கே சொந்தம் என்கிறது. நான் ஆனியில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுக் கொடுத்தேன், நகல் இணைத்துள்ளேன். இடம் போய்விட்டதா? ஆட்களை வைத்து வேலியைப் பிடுங்கலாமா? அவர்கள் பட்டா வாங்கிவிட முடியுமா? கொத்தனார், இப்போதைக்கு வேலியை ஒட்டியே சுவரை எழுப்பலாம் என்கிறார். இன்னொன்று, இது சட்டத்துக்குத் தேவையில்லாத விஷயமாகக்கூட இருக்கலாம்: அந்த 4 அடிக்குள் அப்பா வைத்த இரண்டு தென்னைகள் நிற்கின்றன. அப்பா இருந்தவரை ஆடிக்கு ஆடி அந்த மரத்துக் காய்களை மாமா எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பிறகு நின்றுவிட்டது. இந்த ஆடியில் மாமாவே பத்துக் காய் கொண்டுவந்தார். வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல், அம்மா திண்ணையில் வைக்கச் சொல்லிவிட்டார்.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இடம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், கடிதத்தோடு நீங்கள் இணைத்திருக்கும் இரண்டு பக்க மனுவைப் படித்தபோது எனக்குச் சற்றுக் கவலை உண்டானது. தேவையில்லாத விஷயம் என்று நீங்களே ஒதுக்கிவைத்த தேங்காய்ச் செய்தியைப் படித்தபோது அந்தக் கவலை பெருமளவு நீங்கியது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பன்னிரண்டு ஆண்டு. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 65-ஆம் ஷரத்து, சொத்தின் உரிமையாளர் தம் உரிமையை ஆதாரமாகக் கொண்டு சுவாதீனத்தை, அதாவது கைவசத்தை, திரும்பக் கேட்பதற்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. அந்த அவகாசம் தீர்ந்தால் வழக்கிடும் வாய்ப்பு மட்டுமன்றி, அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி அந்தச் சொத்தின் மீதிருந்த உரிமையே அற்றுப்போகிறது. ஊர்ப் பேச்சில் இவ்வளவும் சரியாகவே சொல்லப்படுகிறது. விட்டுப்போவது ஒன்றே ஒன்று. எந்த நாளிலிருந்து எண்ணுவது? பிறர் உங்கள் நிலத்துக்குள் கால் வைத்த நாளிலிருந்து சட்டம் எண்ணுவதில்லை. அவருடைய அனுபவம் உங்கள் உரிமைக்கு எதிரிடையாக மாறிய நாளிலிருந்துதான் எண்ணுகிறது. 1908-ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி, சுவாதீனத்தை இழந்ததாகச் சொல்லும் உரிமையாளர் தாம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அனுபவத்தில் இருந்ததை மெய்ப்பிக்க வேண்டிய நிலை இருந்தது. இன்றைய சட்டத்தில், உரிமையாளர் தம் பத்திரத்தை நிலைநாட்டிவிட்டால், எதிரிடை அனுபவத்தை மெய்ப்பிக்கும் பாரம் முழுவதும் எதிராளியின் தலைமேல் ஏறிவிடுகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே மாறிய இந்த விதி டீக்கடை பெஞ்சு வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

எதிரிடை அனுபவம் என்றால், வெளிப்படையாக, இடைவிடாமல், உரிமையாளர் இன்னார் என்று அறிந்தே அவருடைய உரிமையை மறுத்து அனுபவிப்பது. அனுமதி பெற்று அனுபவிப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அனுமதி பெற்றவரே ஆவார். குடியிருக்க விட்ட உறவினர், பார்த்துக்கொள்ளச் சொன்ன காவல்காரர், ‘கொஞ்சம் தள்ளி ஊன்றிக்கொள்கிறேன்’ என்று கேட்டுக்கொண்டு வேலி போட்ட அடுத்த தோட்டத்துக்காரர் ஆகிய எல்லோரும் இந்த வகைதான். பங்காளிகளுக்குள் விதி இன்னும் கடுமையானது: ஒரு பங்குதாரர் தனியே அனுபவித்து வந்தாலும், மற்றவருக்குப் பங்கே இல்லை என்று அவருக்குத் தெரியும்படியே மறுத்து வெளியேற்றினாலன்றி அது எதிரிடை ஆகாது.

உங்கள் தந்தையிடம் கேட்டுத்தான் வேலி ஊன்றப்பட்டது என்பதற்கு இப்போது உங்கள் தாயாரின் வாய்மொழி இருக்கிறது. நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பு உண்டு என்றாலும், மகளும் மனைவியும் சொல்வது தம் வழக்குக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்காமல் இருக்கமாட்டார். அந்த வாய்மொழிக்குத் தூணாக நிற்பவைதான் இரண்டு தென்னைகள். தம்முடைய நிலம் என்று கருதும் ஒருவர், அந்த நிலத்து மரத்தின் காயை 2018 வரை ஆண்டுதோறும் அடுத்த வீட்டுக்கு ஏன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்? 2009 முதல் 2018 வரையிலான அனுபவம் உங்கள் தந்தையின் உரிமையை ஒப்புக்கொண்டு நடந்த அனுபவம் என்பதற்கு இதைவிட இயல்பான சான்று கிடைப்பது அரிது. காய் பறித்த மரமேறி யார், வண்டியிலோ தலைச்சுமையாகவோ கொண்டுவந்தவர் யார், அப்போது அங்கே இருந்த அக்கம்பக்கத்தார் யார் என்பதையெல்லாம் இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எதிராளிக்கு மிகவும் சாதகமாக எடுத்துக்கொண்டு, காய் நின்ற 2018-இலேயே எதிரிடை தொடங்கிவிட்டது என்று வைத்தாலும், பன்னிரண்டு ஆண்டு 2030-இல்தான் நிறைவடையும்.

இனி உங்கள் மனு. அதில், ‘மேற்படியார் 2009 முதல் எங்கள் ஆட்சேபணையை மீறி எங்கள் நிலத்தை அடாவடியாக ஆக்கிரமித்து, பதினைந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து அனுபவித்து வருகிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதியது என்பது புரிகிறது. மனு எழுதிக் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் இதே வாசகத்தைத்தான் போடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரே வாக்கியத்தில் எதிரிடை அனுபவத்துக்கு வேண்டிய அத்தனை உறுப்புகளையும் நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்: ஆட்சேபணையை மீறி, தொடர்ந்து, 2009 முதல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் நகலை வாங்கி எதிர்த்தரப்பு தங்கள் தரப்புச் சான்றாவணமாகக் குறியீடு செய்யும் நாளை எண்ணிப் பாருங்கள். பதறவும் வேண்டாம், ஒருவர் முன்பு ஒப்புக்கொண்டது முற்று முடிவான சான்று ஆகிவிடாது, அது எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்று விளக்க இடமுண்டு. அதே அலுவலகத்துக்குத் துணை மனு ஒன்று கொடுத்து, வேலி உங்கள் தந்தையின் வாய்மொழி அனுமதியோடு ஊன்றப்பட்டது, மரங்களின் காய்கள் 2018 வரை உங்கள் குடும்பத்துக்கே வந்தன, உரிமை மறுக்கப்பட்டது சென்ற மாசியில்தான் முதன்முறையாக என்பவற்றை, அவை உண்மையாக இருக்கும்பட்சத்தில், திருத்தமாகப் பதிவு செய்யுங்கள். நடக்காததை எழுதச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள் என்கிறேன்.

வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் விட்டது தவறு. உடனே அனுப்புங்கள். அளவையின்போது ‘எங்கள் பத்திரத்தில் உள்ள இடம்’ என்றவர், மூன்றே மாதத்தில் ‘உங்கள் இடம்தான், ஆனால் பன்னிரண்டு ஆண்டில் எங்களுடையதாகிவிட்டது’ என்கிறார். பத்திரத்தின்படி தமக்கு உரிமை என்பதும், பிறருடைய உரிமையை மறுத்து அனுபவித்தேன் என்பதும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. முதலாவதைக் கைவிட்ட பிறகே இரண்டாவது தொடங்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. சர்வேயரிடம் அவர் சொன்னதை, யார் யார் முன்னிலையில் சொன்னார் என்ற விவரத்தோடு பதில் நோட்டீஸில் சேர்க்க வேண்டும். ‘அவர்களாகவே வழக்குப் போட முடியுமா?’ என்ற கேள்வியும் உங்களுக்கு எழலாம். எதிரிடை அனுபவத்தைக் கேடயமாக மட்டுமே ஏந்தலாம் என்றிருந்த நிலையை 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றி, வாதியாக நின்றும் அதைக் கோரலாம் என்று தீர்ப்பளித்தது. இந்தக் கோட்பாடு உண்மையான உரிமையாளருக்கு அநீதி இழைக்கிறது என்ற குறை நெடுநாளாகவே உண்டு என்றாலும், சட்டத்தை மாற்றத் தேவையில்லை என்றே 2023-இல் சட்ட ஆணையம் தன் 280-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஆகவே இந்த விதி எங்கேயும் போய்விடாது என்ற எண்ணத்தோடுதான் நாம் நடந்துகொள்ள வேண்டும்.

அளவுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய 1952-ஆம் ஆண்டு மூலப்பத்திரத்தில் ‘கிழமேல் தச்சுமுழம் 24, தென்வடல் தச்சுமுழம் 40’ என்றும், மேற்கு எல்லை ‘கிளுவை வேலிக்கும் கிழக்கு’ என்றும் கண்டிருக்கிறது. நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் தச்சுமுழம் என்பது 33 அங்குலம், அதாவது 2¾ அடி. எனவே கிழமேல் 66 அடி, தென்வடல் 110 அடி. மொத்தம் 7,260 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இது ஏறக்குறைய 16.67 சென்ட் ஆகிறது. 1987 கிரயப் பத்திரத்தில் ‘சுமார் 16½ சென்ட்’ என்று எழுதியவர் கையை முடக்கிக்கொண்டு எழுதியிருக்கிறார், அவ்வளவே. விஸ்தீரணத்துக்கும் நான்கெல்லைக்கும் முரண்பாடு வரும்போது பொதுவாக நான்கெல்லையே மேலோங்கும் என்பது நிலைபெற்ற கொள்கை. இப்போது உங்கள் கையில் இருப்பது 62 அடி அகலம்; 15.66 சென்ட். பத்திரத்தின் குறைந்த கணக்குப்படி பார்த்தாலும் உங்களுக்கு இடம் குறைகிறது. வேலிக்கு அப்பால் இருக்கும் 440 சதுர அடி, ஒரு சென்ட்டைவிட நாலு சதுர அடிதான் கூடுதல்.

அரை அடி, முக்கால் அடி வித்தியாசமாக இருந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். பழைய புலப்படங்கள் (சர்வே வரைபடங்கள்) சங்கிலியும் லிங்க்குமாக வரையப்பட்டவை. ஒரு லிங்க் என்பதே 7.92 அங்குலம். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த 1980-களின் யு.டி.ஆர். பணியில் அவை மெட்ரிக் அளவுக்கு மாறியபோதும், உட்பிரிவுகள் ஏட்டில் ஏறியபோதும் நேர்ந்த பிழைகளால் வந்த வழக்குகள் இன்றும் நடந்துகொண்டிருக்கின்றன. ஆனால் 110 அடி நீளத்துக்கும் ஒரே சீராக 4 அடி விலகல் என்பது நாடா பிடித்ததில் வந்த பிழை அல்ல. அதோடு, வெட்டிய கிளுவையின் அடிக்கட்டைகள் மண்ணுக்குள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றை இப்போது தோண்ட வேண்டாம். பழைய வேலி தெரியும் குடும்பப் புகைப்படங்கள், காதுகுத்து, கல்யாணப் படங்கள் எதுவானாலும் தேடி எடுத்துவையுங்கள்.

சர்வேயர் மாசியில் காட்டிய அத்து (எல்லை), உங்கள் மனுவின் பேரில் புலப்படத்தை நிலத்தில் பெயர்த்துக் காட்டியது. 1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி நடக்கும் முறையான எல்லை நிர்ணயத்துக்கு இருக்கும் இறுதித்தன்மை அதற்கு இல்லை. அடுத்த தோட்டத்துக்காரருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்தார்களா என்று வாடிப்பட்டி தாலுகா அலுவலகத்தில் கேட்டு, அளவை அறிக்கையின் நகலையும் வரைபடத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆவது கட்டளை, 9-ஆவது விதிப்படி வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கேட்க வேண்டும்; அவர் தாலுகா சர்வேயரின் துணையோடு இரு தரப்பையும் வைத்துக்கொண்டு அளந்து தரும் அறிக்கையில்தான் இத்தகைய எல்லை வழக்குகள் பெரும்பாலும் தீர்கின்றன. ஊன்றிய சர்வே கல்லை யார் பிடுங்கினாலும் குற்றம். இப்போதே நாலு பக்கமும் படமெடுத்து வையுங்கள்.

வேலியைப் பிடுங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. நிலம் உங்களுடையதே ஆனாலும், அனுபவத்தில் இருப்பவரைச் சட்டப்படியன்றி வெளியேற்றினால், குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி அவர் ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டுச் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் யாருக்கு உரிமை என்ற கேள்வியே எழாது. கூடவே காவல் நிலையத்தில் ஒரு வழக்கும் சேரும். விடியற்காலையில் ஆட்களோடு போய் வேலியை அப்புறப்படுத்திவிட்டு, வலுவான பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் முன்ஜாமீனுக்கும் வாய்தாவுக்கும் அலைந்தவர்களை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

அதைவிட அமைதியான, ஆனால் அதற்குக் குறையாத ஆபத்து உங்கள் கொத்தனாரின் யோசனை. இன்றைய வேலியை ஒட்டிச் சுவரை எழுப்பினால், அதுவே எல்லை என்று நீங்கள் ஏற்றுக்கொண்டதற்கு அந்தச் சுவர் ஒவ்வொரு நாளும் சாட்சி சொல்லும். மற்ற மூன்று பக்கமும் கட்டிக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கத்துக்குக் கடைக்கால் எடுக்க வேண்டாம்.

பட்டாவைப் பொறுத்தவரை பயம் வேண்டாம், ஆனால் விழிப்பு வேண்டும். பட்டா வருவாய்க் கணக்குக்கான ஆவணம். அதுவே உரிமையைத் தந்துவிடாது. எனினும் அனுபவத்துக்கு ஒரு சான்றாக அது நீதிமன்றத்தில் நீட்டப்படும். அவர்கள் உட்பிரிவு செய்யக் கேட்டு விண்ணப்பித்தால் உங்களை விசாரிக்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று வட்டாட்சியரிடம் இப்போதே ஆட்சேபணை மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மாறாக உத்தரவு வந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன் பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. உங்கள் பட்டா இன்னும் தந்தையின் பெயரிலேயே இருப்பதாகத் தெரிகிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, தாயார், உங்கள் தம்பி, நீங்கள் என்று கூட்டுப் பட்டாவாக மாற்றுவது முதல் வேலை.

வழக்குப் போட வேண்டி வந்தால், எந்தப் பரிகாரத்தைக் கேட்கிறோம் என்பதில் கவனம் தேவை. வேலியை அகற்ற வேண்டும் என்று செயலுறுத்துக் கட்டளை (ஒன்றைச் செய்யச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு) மட்டும் கேட்கும் வழக்குக்குக் காலவரையறை மூன்று ஆண்டுதான். 2009 வேலிக்கு அது எப்போதோ போய்விட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும். உரிமை விளம்புகையும் (நிலம் உங்களுடையதே என்ற நீதிமன்ற அறிவிப்பு), அதன் அடிப்படையில் சுவாதீனமும், தொடர்ச்சியாக வேலி அகற்றலும், இனி நுழையாதிருக்க நிரந்தர உறுத்துக்கட்டளையும் (தடை உத்தரவு) சேர்த்துக் கேட்டால்தான் 65-ஆம் ஷரத்தின் பன்னிரண்டு ஆண்டு உங்களுக்குத் துணை நிற்கும். வெறும் உறுத்துக்கட்டளை வழக்குப் போட்டால் செலவு குறையும் என்று யாரேனும் சொன்னால், எதிராளி அனுபவத்தில் இருக்கும் இடத்துக்கு அது பயன்படாது என்று சொல்லிவிடுங்கள். மாசியில் உரிமை மறுக்கப்பட்டுவிட்டதால், மூன்று ஆண்டுக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிடுவது எல்லா வாதங்களுக்கும் பாதுகாப்பு. கூட்டு வாரிசுகளில் ஒருவரே வெளியாளுக்கு எதிராக வழக்கிடலாம் என்றாலும் மூவருமே வாதிகளாக நிற்பது நல்லது.

ஆனால் அதற்கு முன் ஒன்று செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நோட்டீஸ் அனுப்பியது மகன். காய் கொண்டுவந்தது தகப்பன். பெரியவருக்கு நடந்தது நினைவிருக்கிறது, அதை மறைக்கவும் அவர் விரும்பவில்லை என்றே அந்தப் பத்துக் காய்கள் காட்டுகின்றன. உங்கள் தாயாரோடு தம்பியும் போய், இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு பேசட்டும். வேலியைப் பழைய இடத்துக்கே மாற்றிக்கொள்ள அவர்கள் சம்மதித்தால் செலவில் பாதியை ஏற்பதாகச் சொல்லலாம். அந்த ஒரு சென்ட் அவர்களுக்கு அவசியம் என்றால் விலை பேசிக் கிரயமே கொடுத்துவிடலாம். எது ஆனாலும், முத்திரைத்தாளில் முச்சலிக்கா (உடன்படிக்கை) எழுதிப் பஞ்சாயத்தார் கையெழுத்துப் போட்டதோடு நிற்கக் கூடாது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை மாற்றும் ஆவணம் பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். நேரில் பேச்சு சரிப்படாவிட்டால், வழக்குத் தாக்கலாகும் முன்பே சட்டப் பணிகள் குழுவிடம் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் முயலலாம். பெண் என்ற முறையில் உங்களுக்கும் தாயாருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, மேல்முறையீடும் கிடையாது.

திண்ணையில் இருக்கும் காய்களை உள்ளே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கொண்டுவந்த நாள், கொண்டுவந்தவர், அப்போது அவர் சொன்ன சொல் ஆகியவற்றைத் தாயாரே தம் கைப்பட எழுதிக் கையெழுத்திடட்டும். அடுத்த ஆடியிலும் பெரியவர் கொண்டுவந்தால், உட்காரவைத்துக் காப்பி கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.